கல்யாண கேமராவில் ஒரு கேம் ஃபைனல்

கல்யாண வீடியோ எடுத்துப் பழகியவனுக்கு உலகத்தில் நடப்பது எல்லாமே கல்யாணமாகத்தான் தெரியும். கட்சிக் கூட்டத்துக்குப் போனாலும், தலைவருக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையில் யாராவது நிற்கிறார்களா என்று கண் தேடும். சாவு வீட்டுக்குப் போனால்கூட, "எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க, லேசா சிரிங்க" என்று வாய் வரைக்கும் வந்துவிடும். (ஒரு தடவை வாயைத் தாண்டியும் வந்துடுச்சு. அந்தத் தெருப் பக்கம் நான் இப்போ போறதில்ல.)

இந்த வியாதி எனக்கு நன்றாக முற்றியிருந்த சமயத்தில்தான் ஒரு மொபைல் கேம் போட்டியை நேரலை பண்ணப் போனேன்.

முதலில் என்னைப் பற்றி. என் பெயர் லோகநாதன், கூப்பிடுவது லோகு. பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் என்னைக் கடைசி வரை ஏற்றுக்கொள்ளவில்லை. நானும் அவற்றை வற்புறுத்தவில்லை. மாட வீதிப் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் குமரேசன் அண்ணனிடம் சேர்ந்தேன். முதலில் லைட் பிடித்தேன். அப்புறம் ஒயர் சுருட்டினேன். அப்புறம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து லைவ் போடுகிற வேலைக்கு வந்தேன். அதில் அண்ணனுக்கு ஒரே ஒரு கொள்கைதான். லைவ் லேட்டாகப் போகக் கூடாது.

"துபாய்ல சித்தப்பா கையில அட்சதைய வெச்சிக்கினு டிவி முன்னால உக்காந்திருப்பாருடா. இங்க கெட்டிமேளம் கொட்டும்போது அவரும் அங்க போடணும். இங்க தாலி ஏறி முடிஞ்ச பொறவு அவருக்குப் போச்சுன்னா, அந்த அட்சதை டிவி மேல வுழாது, நம்ம மானத்து மேல வுழும்."

இதை அவர் எனக்கு வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து சொல்லிச் சொல்லி, நான் தூக்கத்தில்கூட லேட்டில்லாமல் குறட்டை விட ஆரம்பித்திருந்தேன்.

என் அப்பாவுக்கு இந்தத் தொழில் மேல் நம்பிக்கையே கிடையாது. அவர் தனியார் பஸ் டிரைவர். ஸ்டீயரிங் மாதிரி எதையாவது இரண்டு கையாலும் பிடித்தால்தான் அது வேலை என்பது அவர் கணக்கு. கீழ்பென்னாத்தூரில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மல்லாட்டை மில் வைத்திருக்கிறார். (மல்லாட்டைன்னா வேர்க்கடலைங்க. எங்க பக்கம் அதுக்குப் பேரே அதான்.) மில்லில் மிஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மாமா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா என்னை அனுப்ப ரொம்ப நாளாகத் துடித்துக்கொண்டிருந்தார். எனக்கோ அந்த மில்லை நினைத்தாலே தும்மல் வரும். தூசி, இரைச்சல், அதையும் மீறிக் கேட்கிற அத்தையின் குரல். மாமாவின் சம்சாரம்தான் அத்தை. மிஷின் ஓடும்போது ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவருடைய குரல் மிஷினைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் பிரவீன் ஸ்டுடியோவுக்கு வந்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். மாவட்டப் பசங்களை எல்லாம் சேர்த்து ஒரு மொபைல் கேம் போட்டி நடத்துகிறாராம், ஃபைனலை வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து நேரலை போட வேண்டுமாம். முதலில் அவர் குறித்திருந்த நாள் பௌர்ணமி. நான் சிரித்தே விட்டேன். பௌர்ணமி அன்றைக்கு ஊர் பூராவும் கிரிவலம் வந்த ஜனம். எங்கள் ஊரில் அன்றைக்குப் போன் என்பது டார்ச் லைட் மட்டும்தான், ஒரு போட்டோ அனுப்பினால் அது மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போய்ச் சேரும் என்று எடுத்துச் சொன்னேன். பிரவீன் நாளை மாற்றினார். "நல்லவேளை சொன்னீங்க" என்று கையும் கொடுத்தார். படித்தவர் ஒருவர் என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது. பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் அந்தத் தலைதான்.

மாற்றிய நாள் நல்ல முகூர்த்த நாளாக அமைந்தது. குமரேசன் அண்ணனுக்குப் போளூர்ப் பக்கம் பெரிய கல்யாணம். "கேம் லைவை நீயே பாத்துக்க" என்றார். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார்.

"சரி. அன்னைக்கி நான் லீவு போட்டுட்டு வூட்ல உக்காந்து பாக்கறேன். ஒழுங்கா பண்ணிட்டின்னா ஸ்டுடியோவிலயே இரு, நான் வாயத் தொறக்க மாட்டேன். சொதப்புன, திங்கக்கெழம காலையில மில்லுக்குக் கெளம்பு."

அதில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஃபைனல் வரை வரக்கூடிய அணிகளில் ஒன்று கீழ்பென்னாத்தூர் அணி. அதன் கேப்டன் தினேஷ், அதே மாமாவின் மகன். ஆக, மில்லும் கேமும் என்னை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டன.

அன்றைக்குச் சாயங்காலம், அரையிறுதிகளையும் ஃபைனலையும் பார்க்க, மண்டபம் நிரம்பிவிட்டது. கீழ்பென்னாத்தூரில் இருந்து ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள். மகன் கேம் ஆடுவதைப் பார்க்க அத்தை மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாமா மட்டும் மில்லை விட்டு வர முடியாமல் அங்கேயே போனில் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஆட்டம் இதுதான். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். ஆளுக்கு ஒரு போன். ஒரு தீவில் இறங்கி, கையில் கிடைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் சுட வேண்டும். கடைசி வரை நிற்கிற அணி ஜெயிக்கும். பிரவீன் கையில் தனியாக ஒரு போன். அது ஆடாது, பார்க்க மட்டும் செய்யும். சாமி மாதிரி மேலே இருந்து, எவன் எந்தச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான் என்று எல்லாவற்றையும் காட்டும். அதில் தெரிவதும் மேடையைப் பிடிக்கிற எங்கள் கேமராவில் தெரிவதும் என் லேப்டாப்புக்கு வந்து, நேரலையாக வெளியே போகும். அதே நேரலையைத்தான் மேடையில் பசங்களின் முதுகுக்குப் பின்னால் இருந்த பெரிய எல்இடி திரையிலும் ஓட விட்டிருந்தோம்.

பிரவீன் வந்து லேப்டாப்பில் என்னமோ தட்டினார். "டிலே போட்டிருக்கேன் லோகு. மூணு நிமிஷம். அதை மட்டும் தொடாதீங்க" என்றார். அப்புறம் ஏன், எதற்கு என்று இங்கிலீஷில் நிறையச் சொன்னார். நான் தலையாட்டினேன். (இங்கிலீஷ்ல யார் பேசினாலும் நான் தலையாட்டுவேன். பள்ளிக்கூடத்துல இருந்தே அப்படித்தான் தப்பிச்சிகினு வந்தேன்.)

எனக்குத் தெரிந்த வரையில், டிலே என்பது நெட் வீக்கான பட்டிக்காட்டுக் கல்யாணத்துக்குப் போடுவது. படம் சிக்கிச் சிக்கிப் போகாமல் இருக்கக் கொஞ்சம் தாமதமாக அனுப்புவோம். இங்கே நான் இரண்டு கம்பெனி சிம் போட்ட ரௌட்டர் வைத்து, குற்றாலம் மாதிரி நெட் கொட்ட விட்டிருக்கிறேன். ஆக, பிரவீனுக்கு என் நெட் மேல் நம்பிக்கை இல்லை. மனதில் சின்னதாக ஒரு முள் குத்தியது. பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன்.

லைவ் தொடங்கியது. அண்ணனின் லேப்டாப்பில் இருந்தது எல்லாம் கல்யாண சாமான்கள்தான். ஒரு காட்சியில் இருந்து இன்னொரு காட்சிக்குப் போனால் திரையில் ரோஜா இதழ் கொட்டும். ஒருத்தன் சுடப்பட்டு விழுந்ததும் நான் காட்சியை மாற்றுவேன், அவன் பிணத்தின் மேல் பூமாரி பொழியும். பெயர் போடுகிற பட்டையில் "திருநிறைச்செல்வன்" என்பதை அழிக்கத் தெரியாததால் எட்டுப் பேரும் திருநிறைச்செல்வர்களாகவே சண்டை போட்டார்கள். கேமராமேன் ஏழுமலை வேறு, பழக்க தோஷத்தில், உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஒரு பையனின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "தம்பி, கொஞ்சம் வெக்கமா சிரி" என்றார். அந்தப் பையன் சிரித்தான். சிரித்த கையோடு செத்தான்.

ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை. வீட்டில் இருந்து தங்கச்சி மெசேஜ் அனுப்பினாள்: அப்பா சாய்ந்து உட்கார்ந்து பார்க்கிறார், கொட்டாவி விடவில்லை. எங்கள் அப்பாவைப் பொறுத்தவரை கொட்டாவி விடாதது கைதட்டலுக்குச் சமம்.

குழப்பம் கீழ்பென்னாத்தூர் ஆடிய இரண்டாவது அரையிறுதியில் ஆரம்பித்தது. தினேஷ் பாதி ஆட்டத்திலேயே சுடப்பட்டு விழுந்துவிட்டான். போனை வைத்துவிட்டு மேடையில் இருந்து இறங்கி, அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து டீ குடித்தான். எல்இடி திரையில் அவன் இன்னும் சாகவில்லை, புதர் புதராக ஓடிக்கொண்டிருந்தான். அத்தை திரையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். கும்பிடத் தூக்கிய கை அப்படியே நின்றது.

கொஞ்ச நேரத்தில் மேடையில் மிச்சம் இருந்த மூன்று பேர் ஜெயித்துக் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. அவர்கள் வெட்கப்பட்டு உட்கார்ந்தார்கள். மூன்று நிமிடம் கழித்துத் திரையில் ஜெயித்தபோது மண்டபம் அலறியது. அப்போது ஜெயித்தவர்கள் பாத்ரூமில் இருந்தார்கள்.

அத்தை நேராக என் மேஜைக்கு வந்தார்.

"இன்னாடா லோகு இது? செத்தவன் பக்கத்துல உக்காந்துகினு டீ குடிக்கறான். ஸ்கிரீன்ல ஓடிக்கினு இருக்கான். நான் எவன நம்பறது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வேனில் வந்த ஒரு பெரியவர், "தாலி கட்டி மாப்பிள்ள சாப்டவே போயிட்டாரு, இங்க இன்னும் மேளம் கொட்றாங்கோ" என்றார். அந்த வார்த்தை எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேட். என் லைவ் லேட். குமரேசன் அண்ணன் காதில் விழுந்தால் மனுஷன் போளூரில் இருந்தே அட்சதையை என் மேல் வீசுவார். வீட்டில் அப்பா வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிரவீன் மேடையில் மைக்கில் ஃபைனலுக்கு அணிகளை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூருக்கும் வேங்கிக்காலுக்கும் போட்டி. நான் லேப்டாப்பில் டிலே இருந்த கட்டத்தைத் தேடிப் பிடித்தேன். மூன்று நிமிடம் என்று விநாடிக் கணக்கில் எழுதியிருந்தது. அழித்தேன். பூஜ்யம் போட்டேன். லைவ் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி வந்தது. மேடையில் பிரவீன் கையைத் தூக்கினார், திரையிலும் பிரவீன் கையைத் தூக்கினார். எனக்குப் புல்லரித்தது. அத்தையைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினேன். அத்தை பதிலுக்குத் தலையை ஆட்டினார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான்.

ஃபைனல் தொடங்கியது. முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மேடையில் ஒருத்தன் தலையில் அடித்துக்கொண்டால், திரையில் அவன் அப்போதே விழுந்தான். நான் பூவைக் கொட்டினேன். ஆட்கள் குறையக் குறைய மண்டபம் நாற்காலி நுனிக்கு வந்தது. கடைசியில் இந்தப் பக்கம் தினேஷும் இன்னொருத்தனும், அந்தப் பக்கம் இரண்டு பேர். தினேஷ் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் மெதுவாக நடந்தான். அவனுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் திரை சாமி மாதிரி காட்டியது. சுவருக்குப் பின்னால் வேங்கிக்கால்காரன் ஒருத்தன் துப்பாக்கியோடு குந்தியிருந்தான்.

அத்தை எழுந்தார்.

"டேய் தினேசு, செவுத்துக்குப் பின்னால குந்திகினு இருக்கான்டா."

பசங்கள் எல்லாரும் காதில் இயர்போன் மாட்டியிருந்தார்கள். இயர்போன் செய்த கம்பெனி கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மில்லுக்கு வந்து சோதித்துப் பார்த்திருக்காது. தினேஷ் சட்டென்று திரும்பிச் சுட்டான். சுவருக்குப் பின்னால் இருந்தவன் விழுந்தான். என் விரல் தானாகப் பூவைக் கொட்டியது.

 மண்டபத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. இது இப்போது நடக்கிறது, நாம் சொன்னால் கேட்கும்.

அதற்கப்புறம் அது கேம் இல்லை. வேங்கிக்கால் பக்கம் மொத்தமும் எழுந்து, மிச்சம் இருந்த தங்கள் பையனுக்கு வழி சொல்ல ஆரம்பித்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் சும்மா இருக்குமா? மாடிப்படி ஏறு, ஏறாதே, ஜன்னல் வழியாகக் குதி, வேணாம்டா கீழே ஆள் நிற்கிறான் என்று இரண்டு ஊரும் மாறி மாறி. வேனில் வந்த பெரியவர் லாரியில் கிளீனராக இருந்தவர் போலிருக்கிறது. முன்னால் வந்து நின்று, பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்கிற மாதிரி, "வா, வா, வா, லெப்டுல ஒடி, இன்னும் ஒடி, வரட்டும், ஸ்டாப்" என்று தினேஷை ஓட்டினார். தினேஷும் முதுகைக் காட்டிக்கொண்டே ஒரு மூலையில் கச்சிதமாகப் போய் நின்றான். பார்க்கிங் நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேங்கிக்கால் கேப்டன் முன்னாடியே செத்துப்போய் மேடையில் சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் திரும்பித் திரையைப் பார்த்தான். அப்புறம் பிரவீனைப் பார்த்தான். போனைத் தூக்கி மேஜையில் வைத்துவிட்டு, "இது ஆட்டமா சார்? அவுங்க அம்மாதான் கேப்டன்னா அவுங்களயே ஆடச் சொல்லுங்க" என்றான்.

பிரவீன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மைக்கோடு என் மேஜைக்கு ஓடி வந்தார். மைக் ஆனில் இருந்தது. லைவும் போய்க்கொண்டிருந்தது. ஏழுமலை அண்ணன், சம்பந்தி சண்டை என்றால் விடவே மாட்டார், கேமராவைத் திருப்பி என் முகத்தில் வைத்தார். எல்இடி திரையில் என் முகம் மேடை அகலத்துக்கு வந்தது.

"லோகு, டிலே எங்க? அத மட்டும்தான தொடாதீங்கன்னு சொன்னேன்?"

"எடுத்துட்டேன் சார்" என்றேன் பெருமையாக. "இனிமே லேட்டே இல்ல."

பிரவீன் கண்ணை மூடித் திறந்தார். பிறகு தமிழில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"லேட்டு வேணும்னுதான் லோகு லேட்டு வெச்சது. பாக்கறவங்களுக்கு எல்லாம் தெரியும், ஆடறவனுக்குத் தெரியாது. அம்மா கத்தட்டும், ஊரே கத்தட்டும், கத்தறது பழைய சேதியா இருந்தா ஆட்டம் கெடாது. அதுக்குத்தான் மூணு நிமிஷம்."

முழு மண்டபமும் மைக்கில் இதைக் கேட்டது.  எனக்கு அப்போதுதான் புரிந்தது. கல்யாணத்தில் எது மானமோ, இங்கே அது மானக்கேடு. அடுத்த விநாடி இன்னொன்றும் புரிந்தது. அப்பா இதை வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கேவலம் அவரிடம் போய்ச் சேர மூன்று நிமிடம் ஆகியிருக்கும், அதற்குள் லைவைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம். அந்த மூன்று நிமிடத்தை என் கையாலேயே அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பா பளிச்சென்று, சிக்காமல், லேட்டில்லாமல் பார்த்திருப்பார்.

பதற்றத்தில் திரையில் இருந்து என் முகத்தை எடுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. கைக்குக் கிடைத்த பட்டனை அழுத்தினேன். கெட்டிமேளம் முழங்கியது. பதறிப் போய் இன்னொன்றை அழுத்தினேன். கெட்டிமேளத்தோடு கூட, இரண்டு பக்கம் குத்துவிளக்கு எரிய, கல்யாணம் முடிந்ததும் போடுகிற கடைசிப் படம் வந்தது. அதில் ஏற்கெனவே பதிந்து வைத்திருந்த ஒரு பெண் குரல், தேன் ஒழுகச் சொன்னது: "வருகை தந்த அனைவருக்கும் நன்றி. அனைவரும் விருந்துண்டு செல்லுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

எங்கள் ஜனத்தை எதில் வேண்டுமானாலும் சந்தேகப்பட வைக்கலாம், சாப்பாட்டு அழைப்பில் மட்டும் முடியாது. மண்டபம் எழுந்தது. நாற்காலிகள் சரசரவென்று நகர்ந்தன. சாப்பாட்டு அறை எந்தப் பக்கம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அங்கே ஆடுகிற பசங்களுக்கும் எங்களுக்கும் மட்டும் என்று பிரவீன் சொல்லி வைத்திருந்த வெஜிடபிள் பிரியாணி இருந்தது. இரண்டு ஊரும் சண்டையை மறந்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இலை கேட்டது. பந்தியில் உட்கார்ந்துவிட்டவரை எழுப்புகிற தைரியம் எங்கள் மாவட்டத்தில் கலெக்டருக்குக்கூட கிடையாது. பிரவீன் வாசலில் நின்று பார்த்தார். அப்புறம் அவரே தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதில் ஒரு நல்லது நடந்தது. மண்டபம் காலியாகிவிட்டதால், திரையை அணைத்துவிட்டு ஃபைனலை முதலில் இருந்து ஆட வைத்தார்கள். டிலேயைப் பிரவீனே போட்டார், போட்டுவிட்டு லேப்டாப்புக்கும் எனக்கும் நடுவில் தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வேங்கிக்கால் ஜெயித்தது. தினேஷ் ஒரு சுவருக்குப் பின்னால் இருந்த ஆளைப் பார்க்காமல் போய்ச் செத்தான். ஏண்டா திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்டதற்கு, "அம்மா ஒண்ணும் சொல்லலையே" என்றான்.

அத்தை கை கழுவிக்கொண்டு வந்தபோது கோப்பையை வேங்கிக்கால்காரர்கள் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மிஷின் நின்றுபோன மில் மாதிரி இருந்தது.

அப்பா போன் பண்ணினார்.

"பாத்துட்டேன்" என்றார்.

"அப்பா, அது இன்னான்னா..."

"திங்கக்கெழம மொத வண்டி. நான்தான் ஓட்டறேன். ஏறிக்க."

திங்கட்கிழமை ஏறினேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் உட்கார வைத்தார். கீழ்பென்னாத்தூர் வரை கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். வண்டி அங்கேதான் திரும்பும். அதைக் கண்டக்டரிடம் விட்டுவிட்டு, என்னைக் கையோடு மில்லுக்குக் கூட்டிப் போனார். மாமா வாசலில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் மல்லாட்டைத் தோல். அப்பா சுருக்கமாக விஷயத்தைச் சொன்னார். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வேணாம் மாமா" என்றார் அப்பாவிடம். (அக்கா புருஷன்ங்கறதால அவருக்கு எங்க அப்பா மாமா.)

அப்பாவுக்குப் புரியவில்லை. "நீதான ஆளு வேணும்னு கேட்டுகினு இருந்த?"

"கேட்டேன். ஆனா நானும் அன்னைக்கிப் போன்ல பாத்தேன் மாமா. அந்த ஆளு தொடாதடான்னு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருக்காரு. இவன் தேடிப் போயி அதையே தொட்டிருக்கான். அங்க போனது கப்பு. இங்க மிஷின் ஓடும்போது தொட்டான்னா கை போவும். அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

உள்ளே இருந்து மிஷின் சத்தத்தை மீறி அத்தையின் குரல் வந்தது, அந்தப் பிள்ளையை மிஷின் பக்கம் விடாதே என்று. கப்பு போன கோபமா, என் கை மேல் அக்கறையா என்று இன்று வரை தெரியவில்லை. நான் அக்கறை என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

 அப்பா, திரும்புகிற தன் வண்டியிலேயே என்னை ஏற்றினார். வழியில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "மல்லாட்டை ஒடைக்கக்கூட ஒன்ன வேணான்றாங்கடா." அதற்கப்புறம் அவருக்கு என்னமோ ஆகி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா பயந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது. ஒழுங்காகப் பண்ணினால்தான் ஸ்டுடியோவில் இருக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார், நான் கெடுத்த கெடுப்பில் எனக்கு அந்த ஒரு வேலையைத் தவிர வேறு கதி இல்லை என்று ஆகிவிட்டது.

குமரேசன் அண்ணன் என்னைத் துரத்தவில்லை. லேட்டில்லாமல் போட்டதற்காக ஒருத்தனைத் துரத்தினால் அவர் கொள்கை என்ன ஆவது? ஆனால் ஒரு முழு முகூர்த்த சீசனுக்கு என்னைப் பந்தி கேமராவில் போட்டார். வாயில் அப்பளத்தோடு இருப்பவர்கள் கேமராவைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டு, நாம் நகர்கிற வரை கன்னத்தை உப்பிக்கொண்டு முறைப்பார்கள். அந்த சீசனில் நான் ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தையும் பார்க்கவில்லை. மாவட்டத்தில் பாதிப் பேரின் கடைவாய்ப் பல்லை எனக்குத் தெரியும்.

இப்போது மறுபடியும் லைவ் என் கையில்தான். பிரவீன்கூட அடுத்த போட்டிக்கு எங்களிடம்தான் வந்தார். (பிரியாணி மட்டும் ஊருக்கே சேர்த்துச் சொல்லிட்டார்.) ஆனால் வீட்டில் அந்த நாள் இன்னும் முடிந்தபாடில்லை. அப்பா பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே, "வந்துகினே இருக்கேன்" என்று போனில் சொன்னால், அம்மா "லைவா, டிலேயா?" என்று கேட்பாள். தங்கச்சி கல்லூரியில் ஒரு பேப்பர் போனதை ஒரு வாரம் மறைத்து வைத்துவிட்டு, பிறகு அப்பா கத்தப் போகும்போது, "இது பழைய சேதிப்பா, இப்ப கத்தினா ஆட்டம் கெடாது" என்று சொல்லி அவர் வாயை அடைத்தாள். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தால், டிவி சீரியலில் வில்லி கதவுக்குப் பின்னால் நிற்கும்போது என் பக்கம் திரும்பி, "சொல்லட்டுமா, கேக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பார்ப்பார்.

போன மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் நன்றாகவே இருந்தாள். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டார்கள். லைவ் போடுகிறான் என்று அப்பா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். பெண்ணின் அண்ணன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். மேடை அகலத்துக்கு எங்கேயோ பார்த்த முகம் என்பது அவன் கண்ணில் தெரிந்தது. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பி வைத்தார்கள். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. நான் தினமும் போனை எடுத்துப் பார்ப்பதைக் கவனித்த அப்பா, நேற்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அங்க எப்பவோ முடிஞ்சிருக்கும்டா. நம்ம ஸ்கிரீனுக்கு இன்னும் வரல."